பாம்பைப் பழக்குறதுக்கு முன்னாடி நம்ம கையைப் பழக்கணும்

இன்னைக்குக் கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க. பாம்புன்னாலே ஆகாதவங்களும் தைரியமா படிக்கலாம், படம் எதுவும் போடலை.

ஏப்ரல் மாசம் ஒரு ராத்திரி. மணி ஒன்பதரை இருக்கும். ட்யூட்டி முடிச்சுக் கிளம்புற நேரத்துல கையில துண்டைச் சுத்திக்கிட்டு ஒரு தம்பி உள்ளே ஓடி வர்றார். காலேஜ் மூணாவது வருஷம். பின்னாடியே அவங்க அம்மா, செருப்பு கூட மாத்திப் போட்டுக்கிட்டு.

"சார், பாம்பு கடிச்சிடுச்சு."

(அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். யாருன்னு தெரியுற மாதிரி இருக்குற விவரங்களை மாத்திட்டேன்.)

இந்த ஒரு வரி கேஷுவால்டியில விழுந்தா போதும், யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சிஸ்டர் கையில ஊசி ஏத்த நரம்பு தேடறாங்க. இன்னொருத்தர் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி டியூப் எடுக்குறாங்க. நான் விஷமுறிவு மருந்து எத்தனை வயல் இருக்குன்னு கேட்டுக்கிட்டே துண்டைப் பிரிச்சுப் பார்க்கறேன். குண்டூசியால வரிசையா குத்தின மாதிரி அரைவட்டமா சின்னச் சின்னப் புள்ளிகள். லேசா ரத்தக் கசிவு. வீக்கம் இல்லை.

"என்ன பாம்பு தம்பி?"

"பால் பைத்தான் சார். நம்ம வீட்டுப் பாம்புதான்."

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்துட்டு, "பால் குடிக்கிற பாம்பா?"ன்னு கேட்டாங்க. எனக்கு வந்த சிரிப்பை அந்த அம்மாவோட முகத்தைப் பார்த்து அடக்கிக்கிட்டேன்.

மொபைல்ல படம் காட்டினார். சந்தேகமே இல்லை, பால் பைத்தான்தான். இருந்தாலும் இருபது நிமிட ரத்த உறைதல் சோதனையைப் போட்டேன். ரெண்டு மில்லி ரத்தத்தைக் கண்ணாடி டியூப்ல எடுத்து அசைக்காம வச்சு, இருபது நிமிஷம் கழிச்சுச் சாய்ச்சுப் பார்க்குற அதே பழைய சோதனை. 'நல்லா தெரியும் சார், இது விஷமில்லாத பாம்பு'ன்னு சொல்லி வந்து, பிறகு அது விரியன்னு தெரிஞ்ச கதைகள் எங்க தொழில்ல உண்டு. கடித்தடத்தைப் பார்த்து விஷம் இருக்கா இல்லையான்னு வீட்ல உட்கார்ந்து யாரும் முடிவு பண்ணாதீங்க.

அந்த இருபது நிமிஷம் சும்மா உட்கார முடியாதே. பேசினோம். அந்தப் பேச்சுதான் இந்த இழை.

பாம்பு வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆச்சாம். வந்த அன்னைக்கே வெளியே எடுத்து வீடியோ எடுத்திருக்கார். மறுநாள் நண்பர்கள் அஞ்சு பேர் வந்து ஆளுக்கு ஒரு தடவை கழுத்துல போட்டு செல்ஃபி. அதுக்கப்புறம் தினமும் காலையில அரை மணி நேரம், ராத்திரி அரை மணி நேரம் கையில வச்சுப் 'பழக்கிக்கிட்டு' இருந்திருக்கார். பாம்பு ஒன்பது நாளா எதுவும் சாப்பிடலை. கவலையில அன்னைக்கு ராத்திரி எலியை அவரே விரல்ல பிடிச்சு மூக்குக்கிட்ட ஆட்டிக் காட்டியிருக்கார். எலியை விட்டுட்டு விரலைக் கவ்விருச்சு.

"ஆனா சார், அது ரொம்ப சாது சார். கையில எடுத்தா செல்லமா பந்து மாதிரி சுருண்டு, தலையை உள்ளே வச்சுக்கிட்டுத் தூங்கிடும் சார்."

நண்பர்களே, இந்த இடத்துலதான் எனக்கு மனசு கஷ்டமாச்சு.

அதுக்குப் பேர் தூக்கம் இல்லை. பயம்.

பால் பைத்தானுக்கு அந்தப் பேர் வந்ததே அதனாலதான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவோட புல்வெளிகள்ல வாழுற பாம்பு இது. பகல் பூரா எலி வளையிலயோ கரையான் புற்றுக்குள்ளயோ கிடக்கும், ராத்திரிதான் வெளியே வரும். மலைப்பாம்பு இனத்துல சின்னது, வளர்ந்தாலும் பெரும்பாலும் மூணுலேர்ந்து அஞ்சு அடிக்குள்ளதான். விஷம் கிடையாது, வேகமும் கிடையாது. எதிரி வந்தா அது செய்யக்கூடியது ஒண்ணுதான்: உடம்பைப் பந்தா சுருட்டி, தலையை நடுவுல புதைச்சுக்கிட்டு, 'போயிடு, போயிடு'ன்னு காத்திருக்கிறது. அந்தத் தம்பி தினமும் ரெண்டு வேளை அதைத்தான் பார்த்திருக்கார். பார்த்துட்டு, பாம்பு நம்மகிட்ட ஒட்டிக்கிச்சுன்னு சந்தோஷப்பட்டிருக்கார்.

அவர் கெட்டவர் இல்லை. நாய் வளர்த்து வளர்த்து நமக்கு வந்த பழக்கம் இது. நாய்க்குட்டியை எவ்வளவு தூக்குறோமோ அவ்வளவு ஒட்டும். பாம்பு அப்படி இல்லை. அது உங்களைப் பார்த்து வாலாட்டப் போறதும் இல்லை, நீங்க ஊருக்குப் போனா ஏங்கப் போறதும் இல்லை. பாம்பு 'பழகிடுச்சு'ன்னா அர்த்தம் ஒண்ணே ஒண்ணுதான்: இந்தக் கை நம்மைத் தின்னாதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருச்சு. அவ்வளவுதான்! அந்த நம்பிக்கையைத் தூக்கித் தூக்கி வர வைக்க முடியாது.

எங்க ஓபிக்கு வர்ற குழந்தைகளையே எடுத்துக்கோங்க. முதல் தடவை வந்தவுடனே ரெண்டு பேர் அமுக்கிப் பிடிச்சு ஊசி போட்டா, அடுத்த தடவை ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்ததுமே அழும். முதல் தடவை சும்மா உட்கார வச்சு, ஸ்டெதாஸ்கோப்பைக் கையில குடுத்து விளையாட விட்டுப் பாருங்க, அடுத்த தடவை அதுவே நெஞ்சைக் காட்டும். பாம்புக்கும் இதேதான். அழத் தெரியாது, அது ஒண்ணுதான் வித்தியாசம்.

அதனால என்னோட கருத்து இது. புதுசா வந்த பாம்புக்கு முதல் ரெண்டு வாரம் நீங்க செய்யக்கூடிய பெரிய உதவி, அதைத் தொடாம இருக்கிறது. தண்ணி மாத்துங்க, கழிவு இருந்தா எடுங்க, மூடிட்டு வந்துடுங்க. கண்ணாடியைத் தட்டாதீங்க. விருந்தாளிக்குக் காட்டாதீங்க. அது உள்ளேயே ஒளிஞ்சு கிடந்தா 'டல்லா இருக்கு'ன்னு நினைக்காதீங்க, ஒளிஞ்சு கிடக்குறதுதான் அதோட வேலை.

கேட்க ஈஸியா இருக்குல்ல? காசு குடுத்து வாங்கிட்டு ரெண்டு வாரம் கையைக் கட்டிக்கிட்டு இருக்கிறது இந்த ரீல்ஸ் காலத்துல எவ்வளவு கஷ்டம்னு அந்தத் தம்பியோட முகத்துல பார்த்தேன்.

சரி, அடுத்த கேள்விக்கு வந்தேன். "எலியை விட்டுட்டு ஏன் தம்பி விரலைக் கடிச்சுது?"

அவருக்குத் தெரியலை. இதுல ஒரு அழகான உடற்கூறு இருக்கு. பால் பைத்தானோட உதட்டு ஓரத்துல வரிசையா சின்னக் குழிகள் இருக்கும். அவை வெப்பத்தை உணர்ற உறுப்புகள். கும்மிருட்டுல கூட வெதுவெதுப்பான உடம்பு எங்கே இருக்குன்னு அதுக்குத் தெரியும். இவர் குடுத்தது உறைய வச்சு எடுத்த எலி. அறை வெப்பத்துல வச்சு எடுத்ததால சில்லுன்னே இருந்திருக்கு. அதைப் பிடிச்சிருந்த விரலோ சூடு. வாசனை எலி வாசனை, சூடு விரல்ல! பாம்போட கணக்குல தப்பே இல்லை.

செத்த எலியைக் கொடுக்கறது சரியான முறைதான், அதுல மாற்றுக் கருத்து இல்லை. உயிரோட எலியைப் பெட்டிக்குள்ள விட்டா, பசியில்லாத பாம்பை எலி கடிச்சுக் குதறிடும். ஆனா எலியை முதல் நாளே ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல இறக்கி வச்சு உறைவு விடட்டும். கொடுக்குறதுக்கு முன்னாடி பாலிதீன் கவர்ல போட்டுச் சுடுதண்ணியில வச்சு உடல் சூட்டுக்குக் கொண்டு வரணும். மைக்ரோவேவ்ல வைக்கக் கூடாது, வெளியே வெந்து உள்ளே உறைஞ்சிருக்கும். நீளமான இடுக்கியால கொடுங்க, விரலால வேண்டவே வேண்டாம். எலியோட பருமன் பாம்போட உடம்பு தடிமனா இருக்குற இடத்தளவு இருந்தா போதும். குட்டிக்கு வாரம் ஒரு தடவை, வளர்ந்ததுக்கு ரெண்டு, மூணு வாரத்துக்கு ஒரு தடவை. சாப்பிட்டதும் நாற்பத்தெட்டு மணி நேரம் தூக்கக் கூடாது, கக்கிடும்.

நான் 'ஃப்ரிட்ஜ்'னு சொன்னேனா? அப்பதான் அந்த அம்மா மெதுவா கேட்டாங்க. "டேய், அந்த எலியெல்லாம் எங்கடா வச்சிருக்க?"

ஃப்ரீசர்ல. ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பின்னாடி. பட்டாணி பாக்கெட்டுக்குப் பக்கத்துல.

அன்னைக்கு ராத்திரி எங்க கேஷுவால்டியில நடந்த உண்மையான எமர்ஜென்சி அதுதான்.

சிரிச்சு முடிச்சுட்டீங்களா? இப்ப சிரிப்பு இல்லாத பகுதிக்கு வரேன். அம்மா அடுத்து சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை நிமிர்ந்து உட்கார வச்சது. "பொண்ணு பிரசவத்துக்கு வந்தவ இன்னும் இங்கதான் சார் இருக்கா. பேரனுக்கு எட்டு மாசம். தவழுறான்."

பாம்பு அந்தக் குழந்தையை என்ன பண்ணும்னு அந்த அம்மா பயந்தாங்க. எனக்குப் பாம்பு பயமே இல்லை. எனக்கு பயம் அந்தச் சமையலறை சிங்க் மேலதான். ஏன்னா பாம்புப் பெட்டியோட தண்ணிக் கிண்ணத்தையும், கழிவு பட்ட தட்டையும் தம்பி அங்கேதான் கழுவிக்கிட்டு இருந்தார். பக்கத்துலயே குழந்தையோட பால் பாட்டில்.

பாம்பு, ஆமை, ஓணான், பல்லின்னு எல்லா ஊர்வனவும் எந்த நோய் அறிகுறியும் இல்லாம குடல்ல சால்மோனெல்லாங்கிற பாக்டீரியாவைச் சுமக்கலாம். அதுக்கு ஒண்ணும் ஆகாது. கழிவுல வெளியே வரும், தோல்ல ஒட்டும், தண்ணிக் கிண்ணத்துல இருக்கும், தூக்கினவங்க கையில இருக்கும். பெரியவங்களுக்கு வந்தா பெரும்பாலும் நாலஞ்சு நாள் வயித்துப்போக்கு, காய்ச்சலோட போயிடும். கைக்குழந்தைக்கு வந்தா ரத்தத்துல கலந்து மூளை உறை வரைக்கும் போகலாம். இதுல கொடுமை என்னன்னா, குழந்தை பாம்பைத் தொடவே வேண்டாம். தொட்ட மாமா கை கழுவாம வந்து தூக்கினா போதும்.

அமெரிக்காவுல 1975லயே நாலு அங்குலத்துக்குக் குறைவான ஆமைக்குட்டிகளை விற்கத் தடை போட்டாங்க. குழந்தைகள் அதை வாயில வச்சு சால்மோனெல்லா வாங்கினதுதான் காரணம். உறைய வச்ச தீவன எலிகளால இந்த நோய் பரவினது அமெரிக்காவுலயும் பிரிட்டன்லயும் பதிவாகியிருக்கு. ஃப்ரீசர்ல வச்சா கிருமி செத்துடும்னு நினைக்காதீங்க, தூங்கும், அவ்வளவுதான். அஞ்சு வயசுக்குக் குறைஞ்ச குழந்தை, அறுபத்தஞ்சு தாண்டின பெரியவங்க, கீமோ எடுக்குறவங்க, உறுப்பு மாற்று சிகிச்சை பண்ணிக்கிட்டவங்க இருக்குற வீட்டுக்கு ஊர்வன செல்லப்பிராணி வேண்டாம்னுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சொல்லுது. கர்ப்பிணி இருக்குற வீட்லயும் வேண்டாம்னு நான் சேர்த்துச் சொல்லுவேன்.

அந்த அம்மா என்கிட்ட நேரா கேட்டாங்க. "சார், நீங்க சொன்னா கேட்பான். இதை எப்படியாவது வெளிய அனுப்பச் சொல்லுங்க."

உண்மையைச் சொல்றேன். என் மனசுக்குள்ளயும் அதுதான் இருந்தது. கூண்டுக்குள்ள பாம்பு வளர்க்கறதுல எனக்குத் தனிப்பட்ட முறையில உடன்பாடு இல்லை. ஆனா 'வெளிய அனுப்பு'ன்னா எங்கே அனுப்புவார்? ஏரிக்கரையில விட்டுட்டு வந்துடுவார். ஆப்பிரிக்கப் பாம்பை நம்ம ஏரிக்கரையில விட்டா ஒண்ணு அது சாகும், இல்லைன்னா நம்ம ஊர் பிராணிகளுக்கு இல்லாத நோயைக் கொடுத்துட்டுச் சாகும். போதாததுக்கு சட்டப்படி குற்றம் வேற. அட்வைஸ் மழை பொழிஞ்சா தம்பி தலையை ஆட்டிட்டுப் போய் ரகசியமா வளர்ப்பார். ரகசியமா வளர்க்குற வீட்ல யாரும் கை கழுவ மாட்டாங்க.

அதனால ஒரு பேரம் பேசினோம். அக்கா மாமியார் வீட்டுக்குப் போற வரைக்கும் பாம்பு மாடி அறைக்குப் போகுது. அந்த அறைக்கதவு பூட்டியே இருக்கும். பெட்டி சாமான் எல்லாம் மாடி பாத்ரூம்லதான் கழுவணும், அதுக்குன்னு தனி பக்கெட், தனி பிரஷ். எலிக்குத் தனியா ஒரு குட்டி ஃப்ரீசர், அவர் பாக்கெட் மணியில. தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவி, சட்டையை மாத்தாம குழந்தைகிட்ட வரக் கூடாது. பாம்புக்கு முத்தம் கொடுக்குற ரீல்ஸ் எல்லாம் கட். அம்மாவுக்கு முழு திருப்தி இல்லை, தம்பிக்கும் இல்லை. ரெண்டு பேரும் சமமா முகம் சுளிச்சதால இது நல்ல ஒப்பந்தம்னு எனக்குத் தோணுச்சு.

இருபது நிமிஷம் முடிஞ்சுது. டியூப்ல ரத்தம் கெட்டியா உறைஞ்சிருந்தது. காயத்தைச் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவ வச்சோம். உடைஞ்ச பல் எதுவும் உள்ளே மாட்டலையேன்னு பார்த்து, டிடி ஊசி போட்டு அனுப்பினேன். விஷமுறிவு மருந்து தேவையில்லை. ஊர்வனவால ரேபிஸ் வராது, அதனால அந்த ஊசியும் வேண்டாம். கவ்விப் பிடிச்சப்போ வெடுக்குன்னு கையை இழுத்ததாலதான் கிழிஞ்சிருந்தது. பாம்போட பல்லெல்லாம் உள்பக்கமா வளைஞ்சது. இழுத்தா நம்ம தோலும் கிழியும், அதோட பல்லும் உடையும். அசையாம இருந்தா பெரும்பாலும் அதுவே விட்டுடும். விடலைன்னா குழாய்த் தண்ணியை அது வாய் மேல விட்டா போதும்.

மறுநாள் அவர் பெட்டியோட வீடியோ அனுப்பினார். அதைப் பார்த்து இன்னொரு தடவை தலையில கை வச்சேன். பெட்டிக்கு மேல நூறு வாட்ஸ் பல்ப் எரிஞ்சுக்கிட்டு இருக்கு. சென்னைப் புறநகர், ஏப்ரல் மாசம்! குளிர் நாட்டுக்காரங்க போடுற வீடியோவைப் பார்த்து, நம்ம ஊர் வெயிலுக்குப் பல்ப் மாட்டியிருக்கார். தெர்மோஸ்டாட் கிடையாது. அது ஏன் சாப்பிடலைன்னு இதுக்கு மேல ஆராயணுமா?

பாம்புக்கு நம்மள மாதிரி உடம்புக்குள்ள அடுப்பு இல்லை. சூடு வேணும்னா சூடான இடத்துக்கு நகரும், போதும்னா குளிர்ந்த இடத்துக்கு நகரும். அதனால பெட்டியோட ஒரு ஓரம் 31, 32 டிகிரி, மறு ஓரம் 25, 26 டிகிரின்னு இருக்கணும். சென்னை, மதுரைக் கோடையில நீங்க கவலைப்பட வேண்டியது அந்தக் குளிர்ந்த ஓரத்தைப் பத்தித்தான். ஊட்டி, கொடைக்கானல்னா கதை வேற, அங்கே சூடு வேணும், ஆனா தெர்மோஸ்டாட் இல்லாம எந்தச் சூட்டுச் சாதனமும் கூடாது. 'ஹீட் ராக்'னு ஒரு சூட்டுக் கல் விற்கறாங்க. அது மேல படுத்து வயிறு வெந்து போன பாம்புகள் உண்டு. வாங்காதீங்க.

ஈரப்பதம் 55லேர்ந்து 65 சதவீதம் இருக்கட்டும். ஏசி அறையில வச்சா காத்து வறண்டு, சட்டை உரிக்கும்போது துண்டு துண்டா உரியும், கண் மேல இருக்குற சவ்வு ஒட்டிக்கும். அதை நகத்தால பிய்க்காதீங்க, கண்ணே போயிடும். கீழே பரப்ப விலை உயர்ந்த வெளிநாட்டுப் பாக்கெட் எல்லாம் தேவையில்லை. நம்ம பொள்ளாச்சி தேங்காய் மட்டைத் துண்டும் நார்த்தூளும்தான் அங்கேயே போகுது. ஒளிஞ்சுக்க ரெண்டு இடம், சூடான ஓரத்துல ஒண்ணு, குளிர்ந்த ஓரத்துல ஒண்ணு. ஒரே இடம் வச்சா, பயத்துக்கும் வெப்பத்துக்கும் நடுவுல அது மாட்டிக்கும். சின்ன மண்சட்டியைக் கவிழ்த்து, விளிம்புல ஒரு வாசல் உடைச்சு, முனையைத் தேய்ச்சு விட்டா போதும். உள்ளே இடிச்சுக்கிட்டு உட்கார்ற அளவு சின்னதா இருக்கணும், அதுதான் அதுக்குப் பாதுகாப்பு.

சாப்பிடலைங்கிற பயத்தைப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம வீட்ல குழந்தை ஒரு வேளை சாப்பிடலைன்னாலே பாட்டி கண்ணு கலங்கும், அந்த மனசோட பாம்பைப் பார்க்காதீங்க. வளர்ந்த பால் பைத்தான் மாசக்கணக்குல பட்டினி கிடக்கும், இந்த இனத்துக்கே உள்ள குணம் அது. சமையலறைத் தராசு மாதிரி ஒண்ணு தனியா வாங்கி வாரம் ஒரு தடவை எடை போடுங்க. எடை நின்னா நீங்களும் நில்லுங்க. எடை பத்து சதவீதம் இறங்கினாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்குல குமிழி வந்தாலோ, தண்ணிக் கிண்ணத்துல கருப்பா பொடிப்பொடியா பூச்சி மிதந்தாலோ கால்நடை மருத்துவர்கிட்ட போங்க. எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பு பார்க்க மாட்டாங்க. பார்க்குறவர் யாருன்னு பாம்பு வாங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கணும். வாயைப் பிளந்து எலியைத் திணிக்கிற வீடியோவைப் பார்த்து நீங்களே முயற்சி பண்ணாதீங்க. அப்புறம், பால் ஊத்தாதீங்க. சிஸ்டர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: எந்தப் பாம்பும் பால் குடிக்கிற பிராணி இல்லை. தாகத்துல வாடின பாம்பு எந்தத் திரவம் கிடைச்சாலும் நக்கும், அது அதுக்குக் கெடுதல்.

ரெண்டு வாரம் ஆச்சு, ரெண்டு மூணு தடவை ஒழுங்கா சாப்பிட்டுச்சு, இப்ப தூக்கலாமா? தூக்கலாம். கையைக் கழுவிட்டு வாங்க, எலி வாசனை இருக்கக் கூடாது. மேலேயிருந்து கையை இறக்காதீங்க, மேலேயிருந்து வர்றது அதுக்குப் பருந்து. பக்கவாட்டுல போய், சுருட்டின பேப்பராலயோ கொக்கியாலயோ உடம்புல லேசா தொடுங்க. 'இது சாப்பாடு இல்லை, கைதான்'னு அதுக்குச் சொல்ற பாஷை அது. பிறகு நடு உடம்பை ரெண்டு கையாலயும் தாங்கித் தூக்குங்க. தலையைப் பிடிக்காதீங்க, கழுத்துல போட்டுக்காதீங்க. முதல்ல அஞ்சே நிமிஷம், வாரத்துல ரெண்டு தடவை. பந்தா சுருண்டா, அசையாம மடியில வச்சுப் பாருங்க. கொஞ்ச நேரத்துல தலை வெளியே வந்து நாக்கை நீட்டி மோப்பம் பிடிச்சா நல்ல அறிகுறி. வரலைன்னா திருப்பி வச்சுடுங்க. கண் பால் படிஞ்ச மாதிரி மங்கலா ஆச்சுன்னா சட்டை உரிக்கப் போகுது, அந்த நாட்கள்ல தொடவே வேண்டாம்.

இனி நான் உண்மையிலேயே பயப்படுற விஷயத்துக்கு வரேன். அந்தத் தம்பி கிளம்பும்போது சிரிச்சுக்கிட்டே சொன்னார். "இப்பெல்லாம் எனக்குப் பாம்புன்னா பயமே இல்லை சார்."

பாம்புப் பயம் போனது சந்தோஷம்தான். ஆனா தம்பி, நாம இருக்குறது எந்த ஊர்ல? நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலும் இருக்குற ஊர்ல. 2000லேர்ந்து 2019 வரைக்கும் இந்தியாவுல சராசரியா வருஷத்துக்கு 58,000 பேர் பாம்புக்கடியால செத்திருக்காங்கன்னு ஆய்வு சொல்லுது. நம்ம தமிழ்நாடு 2024 நவம்பர்ல பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சுது. கண்ணாடி விரியனைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. தடிச்ச உடம்பு, பழுப்பு நிறம், மெதுவான நகர்வு. பழக்கமில்லாத கண்ணுக்கு மலைப்பாம்புக் குட்டி மாதிரியே இருக்கும். அப்படி நினைச்சுத் தூக்கிக் கடி வாங்கினவங்க நம்ம நாட்ல இருக்காங்க. அதோட விஷத்துல ரத்தம் உறையாது, கிட்னி நின்னு டயாலிசிஸ் வரைக்கும் போகும். வீட்ல பால் பைத்தானைக் கையில வச்சு விளையாடின பத்து வயசுத் தம்பியோ தங்கச்சியோ, மழைக்காலத்துல காலி மனையில ஒண்ணைப் பார்த்தா என்ன பண்ணும்? 'நம்ம வீட்டுப் பாம்பு மாதிரியே இருக்கே'ன்னு கையை நீட்டும். வீட்ல பாம்பு இருக்குறவங்க பிள்ளைங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டியது இது: பெட்டிக்கு வெளியே பார்க்குற எந்தப் பாம்பையும் தொடக் கூடாது, அது எவ்வளவு சாதுவா இருந்தாலும்.

சட்டத்தையும் சொல்லிடறேன், கமெண்ட்ல எப்படியும் கேட்பீங்க. மலைப்பாம்பு, சாரை மாதிரி நம்ம நாட்டுப் பாம்பு எதையும் வீட்ல வளர்க்கக் கூடாது, ஜெயில் கேஸ். பால் பைத்தான் வெளிநாட்டு இனம். 2022ல திருத்தின வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1லேர்ந்து அமல்ல இருக்கு. 2024 பிப்ரவரியில அதுக்கான விதிகளும் வந்தாச்சு. வச்சிருக்குறவங்க பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணணும். கைமாறினாலும், குட்டி போட்டாலும், செத்தாலும் தெரிவிக்கணும். நம்ம தம்பிகிட்ட பதிவுக் காகிதம் இருந்தது, அதையும் கேட்டுப் பார்த்துட்டுத்தான் பேசினேன். காகிதம் இல்லாம 'ப்ரோ, கம்மி விலைக்கு வாங்கித் தரேன்'னு யாராவது சொன்னா, அந்தப் பாம்பு எப்படி வந்திருக்கும்னு யோசிங்க. பேங்காக்லேர்ந்து வர்ற பெட்டிகள்ல துணிப்பைக்குள்ள முடிச்சு போட்டுத் திணிச்ச பால் பைத்தான்களைச் சென்னை விமான நிலையத்துல சுங்கத் துறை திரும்பத் திரும்பப் பிடிச்சிருக்காங்க. பிடிபட்டது தெரியும். வழியிலேயே செத்ததுக்குக் கணக்கு இல்லை.

'ஸ்பைடர்'னு ஒரு நிற வகையை அழகா இருக்குன்னு விற்கறாங்க. அந்த நிறத்தோட மரபணுவிலேயே நரம்புக் கோளாறு சேர்ந்து வருது, தலை ஆடிக்கிட்டே இருக்கும், திருகிக்கும். அந்த ஆட்டத்தை 'க்யூட்'னு சொல்லி வீடியோ போடுறவங்களை நான் அன்ஃபாலோ பண்ணிடறேன்.

இவ்வளவும் படிச்சுட்டு 'வாங்கலாமா டாக்டர்?'னு கேட்டா, வேண்டாம்னுதான் சொல்லுவேன். இது முப்பது வருஷ வேலை. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில அறுபது வயசு தாண்டின பால் பைத்தான் ஒண்ணு 2020ல முட்டை போட்டுச்சு. மூணாவது வருஷம் படிக்கிற பையன் இன்னைக்கு வாங்குற பாம்பு, அவனுக்கு வேலை கிடைச்சு, கல்யாணம் ஆகி, அவன் பிள்ளை காலேஜ் போகும்போதும் இருக்கலாம். பொண்ணு பார்க்கப் போற இடத்துல இதைச் சொல்ல முடியுமான்னு யோசிச்சுக்கோங்க. பாம்பு பார்க்க ஆசைன்னா கிண்டி பாம்புப் பண்ணைக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க. அரை நாள் போதும், கை கழுவ வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனா ஏற்கெனவே வீட்ல இருக்குன்னா, அது உங்க பொறுப்பு. அதை இனி எங்கேயும் விட முடியாது.

அந்தத் தம்பி இடையில ரெண்டு தடவை கூப்பிட்டார். ரெண்டு தடவையும் ஒரே கேள்வி, ஒரே பதில். "எடை?" "அப்படியேதான் சார் இருக்கு." "அப்ப விடுங்க தம்பி." பல்ப் கழட்டியாச்சு. மண்சட்டி ரெண்டு வந்தாச்சு. மாடி அறைச் சாவி அம்மாவோட முந்தானையில.

அஞ்சு வாரம் கழிச்சு ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ். "சார், சாப்பிட்டுடுச்சு!!!" கூடவே மண்சட்டி வாசல்ல பாதி எலி தெரியுற ஒரு மங்கலான படம், தூரத்துலேர்ந்து, ஃப்ளாஷ் இல்லாம எடுத்தது.

வாழ்த்துச் சொல்றதுக்குள்ள அடுத்த மெசேஜ்.

"இப்ப தூக்கலாமா சார்?"

நாளன்னைக்கு ராத்திரி வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு பதில் போட்டுட்டுத் தூங்கப் போனேன்.